டெஸ்ட் கிட் எல்லாம் சரி என்கிறது, மீன் ஏன் சாகிறது?

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: இரண்டடி செடித் தொட்டி, வைத்து ஐந்து மாதம் ஆகிறது. சர்க்கரையும் ஈஸ்ட்டும் கலந்த பாட்டிலிலிருந்து கரியமில வாயு விடுகிறீர்கள். ஒரு மாதமாக நியான் டெட்ரா ஒவ்வொன்றாகக் காலையில் செத்துக் கிடக்கிறது. போன வாரம் ஒரே நாளில் செர்ரி இறால் மொத்தமும் போய்விட்டது. தேன் கௌராமி இரண்டும் நத்தைகளும் மட்டும் ஒன்றும் நடக்காதது மாதிரி சுற்றிக்கொண்டிருக்கின்றன. கடையில் தண்ணீரைச் சோதித்தால் அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் 20. 'செடியில் ஏதாவது விஷம் இருக்குமா?' என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடையில் மீன் தொட்டிக்கென்று விற்கும் செடிகள் மீனைக் கொல்வதில்லை. அனுபியாஸ், கிரிப்டோகொரைன், வேரை மட்டும் தண்ணீரில் விட்ட மணி பிளான்ட் ஆகியவற்றின் திசுவில் ஆக்சலேட் ஊசிகள் உண்டு. கடித்தால் வாய் அரிக்கும், அவ்வளவுதான். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது செடியைப் பற்றியல்ல. சோதனை எல்லாம் சரி என்று சொல்லும்போது கொல்வது எது என்பதுதான் உங்கள் கேள்வி. கடைக்காரரின் சோதனைக் குப்பிகள் மூன்று பொருளை மட்டும்தான் பார்க்கின்றன. ஆக்சிஜனைப் பார்ப்பதில்லை, கரியமில வாயுவைப் பார்ப்பதில்லை, தாமிரம், குளோரின், பூச்சிமருந்து எதையும் பார்ப்பதில்லை. போதாததற்குக் கடை திறந்திருக்கும் நேரத்தில் எடுத்த தண்ணீர் விடிகாலை நிலவரத்தைச் சொல்லாது.

பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படித்துவிட்டுப் பல வருடமாகப் புதுச்சேரியிலும் கடலூரிலும் வீடுகளுக்குத் தொட்டி அமைத்துப் பராமரிக்கும் வேலை செய்கிறேன். தொட்டியை நேரில் பார்க்காமல், செத்த மீனைக் கையில் எடுத்துப் பார்க்காமல் எழுதுவதால் உங்கள் விஷயத்தில் 'இதுதான்' என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியதிலேயே நல்ல தடயம் இருக்கிறது. எது செத்தது, எது பிழைத்தது, எந்த நேரத்தில், எவ்வளவு வேகத்தில் என்ற நான்கையும் சேர்த்துப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். என் கணிப்பு, உங்கள் தொட்டியில் நடந்தது ஒரு சம்பவம் அல்ல, இரண்டு. டெட்ராவைக் கொன்றது வேறு, இறாலைக் கொன்றது வேறு.

முதலில் டெட்ரா. எல்லாம் காலையில் செத்துக் கிடந்தன, ஒரே நாளில் இல்லாமல் சிறுகச் சிறுகச் செத்தன, கௌராமிக்கு எதுவும் ஆகவில்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் நான் சந்தேகப்படுவது இரவு மூச்சுத்திணறலைத்தான். கௌராமி, ஃபைட்டர் வகை மீன்களுக்குச் செவுளுக்கு மேலே காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பு ஒன்று உண்டு. தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் மேலே வந்து ஒரு வாய் காற்றை இழுத்துக்கொண்டு போய்விடும். டெட்ராவுக்கு அந்த வசதி கிடையாது.

செடி நிறைய இருந்தால் ஆக்சிஜனும் நிறைய இருக்கும் என்று எல்லோரும் நம்புகிறோம். விளக்கு எரியும்வரை அது சரி. விளக்கை அணைத்த நிமிடத்திலிருந்து செடியும் மீனோடு சேர்ந்து ஆக்சிஜனை இழுத்துக் கரியமில வாயுவை விட ஆரம்பிக்கிறது. மணலுக்குள் இருக்கும் பாக்டீரியா, ஃபில்டரில் இருக்கும் பாக்டீரியா, அழுகும் இலை எல்லாமும் அதே வரிசையில் நிற்கின்றன. பகலில் சேர்ந்த இருப்பு இரவு முழுக்கக் கரைந்து, விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் அடிமட்டத்தைத் தொடுகிறது. நம் ஊர் வெயில் இதை இன்னும் மோசமாக்குகிறது. 25 டிகிரி நன்னீரில் நிறைவாகக் கரையும் ஆக்சிஜன் லிட்டருக்குச் சுமார் 8.3 மில்லிகிராம். 30 டிகிரியில் அது 7.5 சொச்சம்தான். தண்ணீர் சூடாக ஆக மீனின் ஆக்சிஜன் தேவை ஏறும், இருப்போ குறையும். நியான் டெட்ரா இயல்பிலேயே குளிர்ந்த தண்ணீரை விரும்பும் மீன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதன்மேல் உங்கள் சர்க்கரை பாட்டில். சிலிண்டர் வைத்தவர்கள் மின்சாரத்தால் திறந்து மூடும் சோலனாய்டு வால்வும் டைமரும் போட்டு இரவில் வாயுவை நிறுத்திவிடுவார்கள். ஈஸ்ட்டுக்கு அணைக்கும் ஸ்விட்ச் கிடையாது. பகலில் செடி உறிஞ்சிக்கொண்ட வாயுவை இரவில் உறிஞ்ச யாரும் இல்லை. இன்னொன்று, அறை சூடேற ஈஸ்ட் வேகமெடுக்கும். டிசம்பரில் நிதானமாகக் குமிழ் விட்ட அதே கலவை, ஏப்ரல் மாதத்தில் இரு மடங்கு விட்டால் ஆச்சரியப்பட வேண்டாம். தண்ணீரில் கரியமில வாயு கூடினால் மீனின் இரத்தம் செவுள் வழியாகத் தன் கரியமில வாயுவை வெளியேற்ற முடியாமல் தவிக்கும், ஆக்சிஜனை ஏற்றுக்கொள்ளும் திறனும் விழும். தண்ணீரில் போதுமான ஆக்சிஜன் இருக்கும்போதே மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும் காட்சி அதனால்தான்.

புதுச்சேரி, கடலூர்க்காரர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. நம் போர் தண்ணீர் பல தெருக்களில் கடினமானது. கார்பனேட் கடினத்தன்மை அதிகம். இணையத்தில் படித்துவிட்டு 'செடித் தொட்டிக்கு பிஹெச் 6.6 இருக்க வேண்டும்' என்று வாயுவை ஏற்றிக்கொண்டே போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கார்பனேட் கடினத்தன்மை 4 டிகிரி உள்ள தண்ணீரில் பிஹெச் 6.6 என்றால் கரியமில வாயு லிட்டருக்குச் சுமார் 30 மில்லிகிராம். செடிக்கு நல்லது, மீனும் தாங்கும். அதே 6.6-ஐ 12 டிகிரி கடினத்தன்மை உள்ள தண்ணீரில் எட்ட வேண்டுமென்றால் வாயு சுமார் 90 ஆகிவிடும். எண் ஒன்றுதான், முதல் தொட்டியில் மீன் நீந்தும், இரண்டாவதில் மிதக்கும். எனவே அடுத்தவர் தொட்டியின் பிஹெச் எண்ணை உங்கள் தொட்டிக்குக் குறியாக வைக்காதீர்கள். கரியமில வாயுவின் அளவுக்கேற்பப் பச்சை, மஞ்சள், நீலம் என்று நிறம் மாறும் டிராப் செக்கர் வாங்கி மாட்டுங்கள். அதற்குள் கார்பனேட் கடினத்தன்மை 4 டிகிரி உள்ள கரைசலைத்தான் ஊற்ற வேண்டும், தொட்டித் தண்ணீரை அல்ல. அது காட்டுவதும் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு முந்தைய நிலவரம் என்பதை மறக்க வேண்டாம். ட்ரிஃப்ட்வுட் நிறம் இறங்கிய தண்ணீரில் பிஹெச்சை வைத்துப் போடும் கணக்கு பிசகும், அதனால்தான் டிராப் செக்கரைச் சொல்கிறேன்.

இதை நீங்களே உறுதி செய்துகொள்ளலாம். ஒரு நாள் விடிகாலை ஐந்து மணிக்கு, அறை விளக்கைப் போடாமல், டார்ச் அடித்துப் பாருங்கள். டெட்ராக்கள் மேல்மட்டத்தில் கூடி நின்று வேகமாக மூச்சு வாங்கினால் விடை கிடைத்துவிட்டது. அப்போதே தண்ணீர் எடுத்து பிஹெச் பாருங்கள், அன்று மாலை ஐந்து மணிக்கு மறுபடி பாருங்கள். கடினத்தன்மை மாறாத ஒரே தண்ணீரில் பிஹெச் ஒரு அலகு இறங்கினால் கரியமில வாயு பத்து மடங்கு ஏறியிருக்கிறது என்று பொருள். சோதனை முடியும்வரை காத்திருக்காமல் இன்றிரவே ஏர் பம்பில் மாட்டிக் குமிழ் விடும் ஏர் ஸ்டோனைப் போட்டுவிடுங்கள். விளக்கு அணைந்ததிலிருந்து மறுநாள் விளக்கு எரியும்வரை ஓடட்டும். ஃபில்டர் வாயை மேலே தூக்கித் தண்ணீர் மேற்பரப்பு கலங்கும்படி வையுங்கள். மேலே எண்ணெய் ஏடு மாதிரி படலம் இருந்தால் டிஷ்யூ காகிதம் பரப்பி எடுத்துவிடுங்கள். ஆகாயத்தாமரையோ சிறு மிதவைப் பாசியோ மேற்பரப்பை முழுக்க மூடியிருந்தால் பாதியை அள்ளி வெளியே போடுங்கள். சர்க்கரை பாட்டில் குழாயில் ஒரு 'டி' இணைப்பு போட்டு இரவில் வாயுவை வெளிக்காற்றில் விடலாம். பாட்டிலை மட்டும் இறுக மூடிவைக்காதீர்கள், வெடிக்கும்.

இதில் எனக்கு ஒரே ஒரு சந்தேகம் இருக்கிறது. செத்த டெட்ராவின் முதுகுப் பக்கத் தசையில் வெளுத்த திட்டு இருந்ததா, நீல-சிவப்புக் கோடு இடையில் அறுந்த மாதிரி மங்கியிருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்திருந்தால் நியான்களைத் தாக்கும் ஒட்டுண்ணி நோயாக இருக்கலாம். அதற்கு நம்பகமான மருந்து இல்லை, வந்த மீனைப் பிரித்துவிடுவதுதான் வழி. அதுவும் ஒவ்வொன்றாகத்தான் கொல்லும். காலையில் மட்டும் சாகிறது என்பதால்தான் முதல் காரணத்தை முன்னால் வைக்கிறேன்.

இனி இறால். மொத்தக் கூட்டமும் ஒரே நாளில் போயிருக்கிறது, மீனுக்கு ஒன்றுமில்லை, நத்தைக்கும் ஒன்றுமில்லை. இந்தச் சேர்க்கை மிக முக்கியம். தாமிரம் கலந்திருந்தால் இறாலோடு நத்தையும் போயிருக்க வேண்டும். குளோரின் என்றால் மீனும் தப்பியிருக்காது. ஆக்சிஜன் குறைவு என்றால் டெட்ராவும் அன்று கூட்டமாகப் போயிருக்கும். இறாலை மட்டும் தேர்ந்தெடுத்து, நத்தையை விட்டுவிட்டுக் கொல்வது பெரும்பாலும் பூச்சிமருந்து. இறாலும் கொசுவும் கணுக்காலிகள், உறவுமுறைதான். கொசுவின் நரம்பைத் தாக்க உருவாக்கிய மருந்து இறாலின் நரம்பையும் தாக்கும். நத்தை வேறு வம்சம்.

அப்படியானால் பூச்சிமருந்து எங்கிருந்து வந்தது? அந்த வாரம் என்னென்ன நடந்தது என்று நீங்களே மூன்று எழுதியிருக்கிறீர்கள்: தெருவில் கொசுப் புகை அடித்தார்கள், நர்சரியிலிருந்து இரண்டு கொத்து புதுச் செடி வாங்கி நட்டீர்கள், சம்பிலிருந்து எடுத்துத் தண்ணீர் மாற்றினீர்கள். மூன்றுமே கொல்லக்கூடியவை. எது என்று இங்கிருந்து பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை, ஆனால் என் சந்தேக வரிசையைச் சொல்கிறேன்.

முதலில் நிற்பது சம்ப். மழைக்காலத்தில் கொசுப்புழு ஒழிக்கும் ஊழியர்கள் வீடு வீடாக வந்து தொட்டியிலும் சம்பிலும் ஊற்றும் 'அபேட்' மருந்து, டெமிஃபாஸ் என்ற ஆர்கானோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து. குடிநீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரை போடலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அந்த அளவில் மனிதர்களுக்குப் பாதிப்பில்லை, பெரும்பாலான மீனும் தாங்கும். இறால் தாங்காது. வீட்டில் பகலில் இருந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், யாராவது வந்து மருந்து ஊற்றிவிட்டுப் போனார்களா என்று. இதைப் படித்துவிட்டு அடுத்த முறை ஊழியரைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். டெங்கு இருக்கும் ஊரில் அது தப்பு. அவர் வருவதற்கு முன்பே இரண்டு வாளி தண்ணீரைத் தொட்டிக்கென்று மூடி எடுத்துவைத்துக்கொண்டால் போதும். கொசுவையும் மீனையும் பகையாக நினைக்கவும் வேண்டாம். 1975 முதல் இந்தப் புதுச்சேரியிலேயே கொசு ஆராய்ச்சிக்கென்று மத்திய அரசின் நிறுவனம் இயங்குகிறது. கிணற்றில் கொசுப்புழுவைத் தின்ன விடுவதும் நாம் தொட்டியில் வளர்க்கும் அதே கப்பியைத்தான்.

இரண்டாவது சந்தேகம் நர்சரிச் செடி. தொட்டிச் செடிகளில் பெரும்பாலானவை தண்ணீருக்கு வெளியேதான் வளர்க்கப்படுகின்றன. ஈரமான பசுமைக்குடிலில் வளரும் செடிக்கு அசுவினி வரும், மருந்து அடிப்பார்கள். இலைமேல் இருக்கும் மருந்து கழுவினால் ஓரளவு போகும், செடியின் சாற்றோடு கலந்த வகை மருந்து கழுவினால் போகாது. இறால் வைத்திருப்பவர்கள் புதுச் செடியைத் தனி வாளியில் போட்டு, இரண்டு மூன்று வாரம் தண்ணீரை மாற்றி மாற்றி வைத்துவிட்டுத்தான் தொட்டிக்குக் கொண்டுவர வேண்டும். ஜெல்லில் வரும் திசு வளர்ப்புச் செடிக்கு இந்த வேலையே இல்லை, ஜெல்லைக் கழுவினால் போதும்.

மூன்றாவது காற்று. இதைத்தான் யாரும் நினைப்பதில்லை. ஏர் பம்ப் அறையின் காற்றை இழுத்து நிமிடத்துக்கு நிமிடம் தண்ணீருக்குள் ஊதுகிறது. கொசுவத்திச் சுருள், சுவரில் மாட்டும் திரவ மருந்து, கரப்பான் ஸ்பிரே ஆகியவற்றில் இருப்பது பைரித்ராய்டு என்ற பூச்சிமருந்துக் குடும்பம். நமக்கும் நாய்க்கும் அதைச் சிதைத்து வெளியேற்றும் சக்தி உண்டு, மீனுக்கு மிகக் குறைவு. இறாலுக்கோ மீனை விடவும் குறைந்த அளவே போதும், சாவதற்கு. ஆகவே இரவில் ஏர் ஸ்டோன் போடச் சொன்ன நானே ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும்: கொசு மருந்து எரியும் அறையில் பம்பை வைக்காதீர்கள். பம்பைப் பக்கத்து அறையிலோ வெளிக்காற்று வரும் ஜன்னலோரத்திலோ வைத்துக் குழாயை நீட்டுங்கள். பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால் குழாயில் ஒருவழி வால்வு கட்டாயம். இல்லாவிட்டால் கரண்ட் போனதும் தொட்டித் தண்ணீர் பின்னோக்கி வடிந்து பம்புக்குள் போகும். தெருவில் புகை வண்டிச் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்திப் பம்பை நிறுத்தி, தொட்டிமேல் ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் வைத்தால் போதும். சாம்பிராணிப் புகை மீனைக் கொல்லுமா என்று அடிக்கடி கேட்பார்கள். தொட்டியை ஒட்டிப் பிடித்தால் நல்லதல்ல என்று மட்டும் சொல்வேன். அதனால்தான் மீன் செத்தது என்று துணிந்து சொல்லும்படி ஒன்றையும் நான் பார்த்ததில்லை.

பூச்சிமருந்து பற்றிப் பேசும்போது எறும்பையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மீன் தீவனம் இருக்கும் இடத்தில் எறும்பு கட்டாயம் வரும். வீட்டில் யாராவது தொட்டி ஸ்டாண்டைச் சுற்றி எறும்புச் சாக்பீஸால் கோடு போட்டுவிடுவார்கள். அந்தப் பொடி கையில் ஒட்டி, அதே கையோடு செடி வெட்டத் தொட்டிக்குள் போகிறது. அதுவும் பைரித்ராய்டுதான். ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைக்கும் பழைய முறை இதைவிட எவ்வளவோ மேல். மழை விட்ட இரவில் விளக்குக்கு வரும் ஈசலை மீன் ஆசையாகத் தின்னும். அதனால் கெடுதல் இல்லை. ஸ்பிரே அடித்துத் துடிக்கும் கரப்பான் தொட்டியில் விழுந்தால் கதை வேறு. மூடி போட்டுவைத்தால் இதுவும் தீரும், மேலே ஓடும் பல்லி தவறி விழுந்து செடி மறைவில் அழுகுவதும் தீரும், மீன் வெளியே குதித்துக் காய்ந்து கிடப்பதும் தீரும்.

உங்கள் தொட்டிக்கு உடனே செய்ய வேண்டியது: புது ஆக்டிவேட்டட் கார்பனை ஃபில்டரில் போடுங்கள், இந்த மருந்துகளில் பெரும்பாலானவற்றை அது பிடித்துக்கொள்ளும். சம்பைத் தவிர்த்து வேறு இடத்தில் எடுத்த தண்ணீரால் இரண்டு நாளைக்கு ஒருமுறை கால் பங்கு மாற்றுங்கள். புது இரண்டு கொத்தையும் வெளியே எடுத்து வாளியில் போடுங்கள்.

உங்கள் தொட்டியில் நடக்காத, ஆனால் இதே ஊரில் நான் அடிக்கடி பார்க்கும் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். சாவின் வரிசை தலைகீழாக வருவதும் உண்டு: மீன் எல்லாம் போய் இறால் மட்டும் பிழைத்திருக்கும். அப்போது நான் கேட்கும் முதல் கேள்வி, மணலில் 'இயற்கை உரம்' ஏதாவது போட்டீர்களா என்பது. இலுப்பைப் புண்ணாக்கில் சப்போனின் என்ற, மீனைக் கொல்லும் பொருள் இருக்கிறது. மீன் குளங்களைத் தயார் செய்யும்போது வேண்டாத மீனைக் கொல்வதற்கென்றே அதை ஹெக்டேருக்கு 2,500 கிலோ வரை போடுவார்கள். இறால் பண்ணையில் தேயிலை விதைப் புண்ணாக்கு போடுவதும் அதற்காகத்தான், மீன் சாகும், இறால் சாகாது. தோட்டத்து ரோஜாவுக்கு நல்லதாக இருக்கும் புண்ணாக்கு தொட்டிக்கு ஆகாது. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கழுவிய கல்லும் அதே சப்போனின்தான். கொழுஞ்சிச் செடியில் ரோட்டினோன் வகைப் பொருள் இருக்கிறது, அது நேராக மீனின் மூச்சைத் தாக்கும் விஷம். அரளிக் கட்டை, கள்ளிக் கட்டை எதையும் அழகாக இருக்கிறதே என்று உள்ளே வைக்க வேண்டாம்.

வேரடி உரம் இன்னொரு கண்ணி. அமேசான் ஸ்வார்டு மாதிரி பெரிய வேருள்ள செடியைப் பிடுங்கி இடம் மாற்றும்போது, அடியில் புதைத்த உரக் குளிகை உடைந்து அம்மோனியம் தண்ணீரில் கலந்துவிடும். மணலுக்கடியில் அடைபட்ட அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயுவும் மேலே வரும். கடினத் தண்ணீரில் அம்மோனியா இரட்டிப்பு ஆபத்து. 25 டிகிரியில் பிஹெச் 7 இருந்தால் மொத்த அம்மோனியாவில் விஷ வடிவம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பிஹெச் 8 என்றால் ஐந்து சதவீதத்துக்கு மேல், 30 டிகிரியில் அதே பிஹெச்சுக்கு ஏழு சதவீதத்தைத் தாண்டும். பெரிய செடியைப் பிடுங்குகிற அன்றே பாதித் தண்ணீரை மாற்றிவிடுங்கள். செடிக்கென்று விற்கும் சத்து மண்ணான அக்வா சாயிலைப் புதிதாகப் போட்ட தொட்டியும் முதல் சில வாரம் அம்மோனியாவைக் கக்கும், அது அடங்கும்வரை மீன் விடக் கூடாது.

கரண்ட் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 30 தானே புயலை இந்தப் பக்கத்தில் மீன் வளர்த்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள், 2024 நவம்பரில் ஃபெஞ்சலும் வந்து போனது. மின்சாரம் போனபோது செத்த மீனை விட, மின்சாரம் வந்த பிறகு செத்த மீன் சில வீடுகளில் அதிகம். கேனிஸ்டர் ஃபில்டர் மூடிய டப்பா. ஓட்டம் நின்றால் உள்ளே இருக்கும் பாக்டீரியா மிச்ச ஆக்சிஜனைத் தின்றுவிட்டுச் சாக ஆரம்பிக்கும், தண்ணீர் அழுகும். நாள் கழித்துக் கரண்ட் வந்ததும் தானாக ஓடி அந்தச் சாக்கடையைத் தொட்டிக்குள் கொட்டும். எனவே கரண்ட் போய்ச் சில மணி நேரம் தாண்டினால் ஃபில்டர் பிளக்கைப் பிடுங்கிவையுங்கள். திறந்து, உள்ளே இருப்பதைத் தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டுப் பிறகு ஓட்டுங்கள். வெள்ளம் வடிந்ததும் சம்பில் பிளீச்சிங் பவுடர் போடுவார்கள், நகராட்சிக் குழாயிலும் குளோரின் தூக்கலாக வரும். அந்த வாரங்களில் ஆன்டி குளோரின் போடாமல் ஒரு சொம்புத் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது.

சர்க்கரை பாட்டிலை விட்டுச் சிலிண்டருக்கு மாறலாமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். மாறலாம், நல்லது. ஆனால் முள் சுற்றும் பழைய டைமரை வாங்காதீர்கள். கரண்ட் போகும்போதெல்லாம் அது நின்று, அவ்வளவு நேரம் பின்தங்கும். விளக்கு ஒரு டைமரிலும் வாயு இன்னொன்றிலும் இருந்தால், சில வாரத்தில் விளக்கு அணைந்த பிறகும் வாயு ஓடிக்கொண்டிருக்கும். இரண்டையும் ஒரே டைமரில் மாட்டுங்கள். அழுத்தத்தை ஒரே கட்டமாகக் குறைக்கும் மலிவான ரெகுலேட்டர், சிலிண்டர் தீரும் தருணத்தில் மிச்ச வாயுவை மொத்தமாகத் தள்ளிவிடுவதுண்டு. மீட்டர் முள் சரிய ஆரம்பித்ததுமே நிரப்பக் கொடுத்துவிடுங்கள். 31 டிகிரிக்கு மேல் கரியமில வாயு சிலிண்டருக்குள் திரவமாகவே இருக்காது, அழுத்தம் கிடுகிடுவென்று ஏறும். சித்திரை வெயில் படும் பால்கனியில் சிலிண்டரை வைக்காதீர்கள், விளிம்புவரை நிரப்பித் தரச் சொல்லவும் வேண்டாம். வாயுவுக்குப் பதில் என்று விற்கும் 'திரவ கார்பன்' பெரும்பாலும் குளூட்டரால்டிஹைடு, அதாவது கிருமிநாசினி. மூடியில் சொன்ன அளவைத் தாண்டினால் மீனும் இறாலும் போகும்.

கல்லும் மரமும் பற்றிச் சுருக்கமாக. கடற்கரையில் பொறுக்கிய சிப்பி, பவளக் கட்டை, வெள்ளைக் கல் எல்லாம் ஏற்கெனவே கடினமான தண்ணீரை இன்னும் கடினமாக்கும். வினிகர் விட்டு நுரைத்தால் வேண்டாம். திருவக்கரைக் கல்மரம், அதாவது கல்லாக மாறிய பழங்கால மரத்துண்டு, கிடைக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. மீனுக்கு அதனால் தீங்கில்லை, ஆனால் அது பாதுகாக்கப்பட்ட இடம், எடுப்பது குற்றம். ஊசுட்டேரியில் செடி அள்ளுவதும் அப்படியே, அது பறவைகள் சரணாலயம். ஏரிச் செடியோடு தட்டான் புழுவும் சேர்ந்து வரும். கப்பிக் குஞ்சுகள் பிணமே இல்லாமல் தினமும் குறைந்தால் வேரடியில் அதைத் தேடுங்கள். வெயிலில் வற்றும் தண்ணீருக்குப் போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்பு தங்கிக்கொண்டே போகும். வற்றியதை ஈடுகட்ட மட்டும் ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள். முழுத் தொட்டியையும் ஆர்ஓவில் நிரப்பினால் தாதுவே இல்லாமல் பிஹெச் ஒரே இரவில் சரியும்.

இறால் மறுபடி வாங்க அவசரப்பட வேண்டாம். கார்பன் போட்டு இரண்டு வாரம் கழித்து மூன்றே மூன்று விட்டுப் பாருங்கள். அவை சட்டை உரித்துப் பாசி மேய்ந்தால் மீதியை வாங்கலாம். அதற்கு முன், விடிகாலை ஐந்து மணி பிஹெச், மாலை பிஹெச், கார்பனேட் கடினத்தன்மை, தண்ணீரின் வெப்பம் ஆகிய நான்கு எண்களையும் இங்கேயே எழுதுங்கள். சம்பில் மருந்து ஊற்றினார்களா என்பதையும் வீட்டில் கேட்டுச் சேர்த்துச் சொல்லுங்கள்.